தாடி ராஜாவின் கன்னம்

மாதவியிடம் ஒரு பழைய வெள்ளிக் காசு இருந்தது. அவளுடைய ஓரகத்தி செல்லத்திடமும் ஒன்று இருந்தது. இரண்டும் 1907இல் அடித்தவை. ஒரு பக்கம் கிரீடம் வைத்த தாடிக்கார ராஜா. மறுபக்கம் கோலம் போட்டதுபோல் வளைவுகள், அவற்றுக்கு நடுவே சீன எழுத்தும் அரபு வடிவ ஜாவி எழுத்தும். மாமனார் மாயாண்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே இரண்டையும் தனித்தனி நீலக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். மூத்த மருமகள் வீட்டுக்கு வந்தபோது ஒன்றையும், நான்கு வருடம் கழித்து இளையவள் வந்தபோது மற்றதையும் எடுத்துக் கொடுத்தார். ஒரே எடை, ஒரே அகலம், ஒரே கறுப்பு. அவர் கையில் இருந்த நாளில் இரண்டையும் மாற்றி வைத்திருந்தால் மாயாண்டிக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

இன்றைக்கு அப்படியில்லை. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தின் முன்வாசலை ஒட்டிய மலிவு விலை வீட்டு வரிசையில், அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இருக்கும் அந்த இரண்டு காசுகளையும் யாரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லமாட்டார்கள்.

காரணம் மாதவிதான். கல்யாணமான முதல் வருடம், ஆயுத பூசைக்கு முதல் நாள், பின்கட்டில் உட்கார்ந்து குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊறவைத்த புளி, ஒரு பிடி உப்பு, தேங்காய் நார். விளக்கு பொன்னாக வந்தது. அருகில் கறுத்துக் கிடந்த வெள்ளியையும் எடுத்து அதே நாரால் நாலு இழுப்பு இழுத்தாள். பளீரென்று வந்துவிட்டது! மறுநாள் பூசைத் தட்டில் அதைப் பார்த்த மாயாண்டி, "அட, ராஜா குளிச்சிட்டு வந்துட்டாரே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் அடுத்த வருடமும் தேய்த்தாள். மாமனார் போன பிறகும் விடவில்லை. இப்படி முப்பத்தொரு வருடம்.

செல்லம் வந்த வருடம்தான் இரண்டு காசும் முதன்முறை ஒரே தட்டில் உட்கார்ந்தன. ஒன்று நிலா மாதிரி, மற்றது சட்டியின் அடிப்புறம் மாதிரி. மாதவியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "என்ன செல்லம், அடுப்புக்கரியைக் கொண்டாந்து வச்சிருக்க?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. செல்லமும் சிரித்தாள். அடுத்த வருடத்திலிருந்து அவள் தன் காசை வெளியே எடுப்பதே இல்லை. நீலக் காகிதத்தோடு அப்படியே தட்டில் வைத்துவிட்டு, பூசை முடிந்ததும் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டாள் மாதவி. நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது.

ஏனென்றால் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் ஜெயிப்பவள் செல்லம்தான். நீலாய் பேக்டரியில் அவளுக்குக் கீழே இருபது பேர். அவள் சம்பளத்தில் அடுப்படியைப் பின்னால் இழுத்துக் கட்டி, தரையிலிருந்து கூரைவரை வெள்ளை ஓடு பதித்துவிட்டாள். மாதவியின் கணவன் தேவன் லோரியில் செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், "தம்பி வீட்ல மீன் கறி வாசம் தூக்குது" என்பான், இவள் வைத்த கறியின் முன்னால் உட்கார்ந்துகொண்டே. இதெல்லாம் மாதவிக்கு உள்ளே போய்த் தங்கும். செல்லம் கெட்டவளாகவாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அதுவும் இல்லை. ஆகவே வருடத்துக்கு ஒரு நாள், ஒரு தட்டில், ஒரு காசில் அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நாள் அவளுக்கு மிகவும் தேவைப்பட்டது.

இந்த வருடம் ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்னால், செல்லத்தின் கணவன் தங்கராஜு கைப்பேசியோடு வந்தான். யாரோ பழைய காசு விற்கும் வீடியோ.

"அண்ணி, இங்க பாருங்க. நம்ம தாடி ராஜா! எவ்வளவு சொல்றான் பாருங்க."

தேவன் எட்டிப் பார்த்தான். "அப்ப நம்ம மாதவி காசுக்கு டபுளா தருவான். அதுதான் கண்ணாடி மாதிரி இருக்கே."

"அப்ப என் அடுப்புக்கரிக்கு?" என்றாள் செல்லம்.

"கரி விலைக்குப் போகும்," என்றான் தங்கராஜு.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மாதவி. சிரம்பானில் காசு வாங்கி விற்கும் ஹேமநாதன் என்ற ஒருவர் இருப்பதாகத் தங்கராஜு விசாரித்துச் சொன்னான். பூசைக்கு முதல் நாள் விளக்குத் திரியும் பூவும் வாங்க எப்படியும் டவுனுக்குப் போக வேண்டும். அப்படியே காசையும் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள் மாதவி.

"எனக்கு லீவு கிடைக்காது லா அக்கா. என்னோடதையும் கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்களேன்," என்று செல்லம் நீலக் காகிதப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். மாதவி மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் கறுப்பு இருந்தால்தானே வெள்ளை எடுத்துக் காட்டும்.

ஹேமநாதனின் கடை சிரம்பானின் தெமியாங் பகுதியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நாற்பது வயது, ஒல்லியான ஆள். மேசையில் ஒரு விளக்கு, மெத்தென்ற கறுப்புத் துணி, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடி. மாதவி தன் காசை முதலில் வைத்தாள். அவர் அதன் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, விளக்கின் கீழ் ஒரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"யாரு தேய்ச்சது அக்கா?"

"நான்தான். வருஷா வருஷம். புளி, உப்பு, நார்."

"ம்... நல்லாத்தான் தேய்ச்சிருக்கீங்க," என்றார். அந்தக் குரலில் இருந்தது பாராட்டு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. "இன்னொண்ணு இருக்குன்னீங்களே?"

நீலக் காகிதத்தை அவர் மெதுவாக விரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்.

"அக்கா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. இத நீங்க பாக்கணும்."

கரி இல்லை அது. விளிம்போரம்தான் கறுப்பு. உள்ளே வர வர ஊதா, அப்புறம் மயில் கழுத்து நீலம், நடுவில் தேன் நிறம். ஹேமநாதன் காசை லேசாகச் சாய்த்தார். அந்த நிறங்களுக்கு அடியிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பி, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள்போல ராஜாவைச் சுற்றி வந்தது. இந்தப் பக்கம் சாய்த்தால் இப்படிச் சுற்றியது. அந்தப் பக்கம் சாய்த்தால் அப்படி.

"அது எங்கேருந்து வருது?"

அவருக்குச் சொல்லவா கசக்கும்? "காசு அடிக்கிறப்ப ரெண்டு அச்சுக்கு நடுவுல வெள்ளியை வச்சு ஒரே அழுத்து. அந்த அழுத்தத்துல வெள்ளி நடுவுலேருந்து ஓரத்துக்கு ஓடும். ஓடின தடம் முடியைவிட மெல்லிசா கோடு கோடா நிக்கும். அந்தக் கோட்டுலதான் வெளிச்சம் சுத்துது. ரெண்டு மூணு வருஷம் பாக்கெட்டுல கிடந்தாலே அது போயிடும். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இதுல இன்னும் இருக்கு! இது கடைக்கே போகலக்கா. யாரோ வாங்கின கையோட மடிச்சு வச்சுட்டாங்க."

"கறுப்பு அழுக்கு இல்லையா?"

"அழுக்குன்னா சட்டைமேல ஒட்டின மண்ணு. உதறினா போயிடும், சட்டை மிச்சம். இது அப்படியில்ல. மேல இருக்கிற வெள்ளியே காத்து பட்டு நிறம் மாறியிருக்கு. புளி போட்டா அந்த மாறின வெள்ளி கரைஞ்சு போயிடும், அதோட அந்தக் கோடும் போயிடும். நார் வேற அதுமேல கீறும். ஒவ்வொரு வருஷமும் ராஜா முகத்துல ஒரு தோல் உரிஞ்சிருக்கு, பாருங்க."

கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, அவளுடைய காசைக் காட்டினார். மாதவி குனிந்து பார்த்தாள். முப்பத்தொரு வருடமாகத் தன் கையில் இருக்கும் ராஜாவுக்குப் புருவம் இல்லை. காதுக்கு மேலே இருக்கவேண்டிய முடி வழுக்கையாகிவிட்டது. கிரீடத்து முத்துகள் ஒன்றோடொன்று கரைந்து ஒரு வரப்பாக நின்றன. முகமெங்கும், ஈரத் தரையில் துடைப்பம் இழுத்ததுபோல, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்.

"கைமாறிக் கைமாறித் தேயுறதும் இதே இடத்துலதான் ஆரம்பிக்கும், எது உசரமோ அங்க," என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "பசார்ல மீன் வாங்கி, கடையில அரிசி வாங்கித் தேஞ்ச காசுக்கு விலை குறையும், மரியாதை குறையாது. அது உழைச்ச காசு." ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோக்கத் துளை போட்ட காசு. சங்கிலியில் தொங்கவிட வளையம் பற்றவைத்த காசு. உள்ளேயும் வெள்ளிதானா என்று யாரோ விளிம்பை அறுத்துப் பார்த்த காசு. "இதெல்லாம் ஆசையில செஞ்சது. யாரும் கெடுக்கணும்னு செய்யல. ஆனா திரும்ப வராது. துளையை அடைச்சாலும் அடைச்சது தெரியும்."

"எவ்வளவு?" என்றாள் மாதவி.

"உங்களோடது நூத்தி அம்பது ரிங்கிட். அதுல இருக்கிற வெள்ளிக்குத்தான். இது..." விரலால் மேசையை இரண்டு முறை தட்டினார். "ஆயிரத்து எண்ணூறு. இப்பவே எண்ணித் தரேன்."

"அது என் ஓரகத்தியோடது. கேட்டுச் சொல்றேன்."

அவர் செல்லத்தின் காசை ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் நழுவவிட்டு, நீலக் காகிதத்தைத் தனியாக மடித்துக் கொடுத்தார். "கழுவச் சொல்லாதீங்க. துணியால தொடைக்கக்கூட வேணாம். அப்படியே இருக்கட்டும்."

ரந்தாவ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் மாதவி வெளியே பார்க்கவில்லை, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லம் என்ன செய்தாள் என்று ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. வருடா வருடம் குந்தி உட்கார்ந்து விரல் நுனி வெந்துபோகத் தேய்த்தது நான். அவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஒன்றும் செய்யாததற்கு ஆயிரத்து எண்ணூறு! அந்தப் பணம் தனக்கு வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், அந்த வெளிச்சச் சக்கரம் தன் காசிலும் ஒரு நாள் இருந்திருக்கிறது, தான் அதைப் பார்த்ததே இல்லை என்பதுதான். செல்லத்தின் காசில் அது இன்னும் சுற்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் குத்துவிளக்குகளை இறக்கிப் போட்டாள். காலையிலேயே ஊறவைத்த புளி கிண்ணத்தில் கருஞ்சிவப்பாகக் கனிந்திருந்தது. இரண்டு விளக்கைத் தேய்த்து முடித்தாள். மூன்றாவதைத் தொடவில்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தாள்.

யார் என்ன சொல்ல முடியும்? பூசைக்கு முதல் நாள், இந்த வரிசையில் எந்த வீட்டில் புளி இல்லை? 'உன்னோடதையும் சேர்த்துப் பளிச்சுன்னு ஆக்கிட்டேன் செல்லம்' என்று சொன்னால், யாராயிருந்தாலும் நன்றிதான் சொல்வார்கள். தெமியாங் கடைக்காரரா இங்கே வந்து சாட்சி சொல்லப்போகிறார்? கடை பூட்டியிருந்தது என்று சொன்னால் போயிற்று.

உறையிலிருந்து காசை உள்ளங்கையில் கவிழ்த்தாள். கட்டைவிரலில் புளியும் உப்புமாக எடுத்து ராஜாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். ஒரு இழுப்பு. இரண்டு. ஐந்து. குழாய்த் தண்ணீரைக் காட்டினாள். கட்டைவிரல் அகலத்துக்கு நிறமெல்லாம் கழன்று, உயிரில்லாத ஒரு வெள்ளை தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தாள். சக்கரம் கிளம்பியது, சுற்றிவந்தது, கன்னத்துக்கு வந்ததும் அப்படியே அணைந்து, தாண்டிப் போய் மறுபக்கம் மறுபடி பிடித்துக்கொண்டது.

மாதவிக்கு வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது. நல்லாயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடி புளியைத் தொட்டாள்.

"அக்கா! கொசு கடிக்கலையா, இங்கேயே உக்காந்திருக்கீங்க?"

பேக்டரி பஸ் சந்திப்பில் இறக்கிவிட்டிருந்தது. செல்லம் வேலைச் சட்டையோடு, கழுத்தில் அட்டை தொங்க, வீட்டுக்குக்கூடப் போகாமல் பின்கேட்டைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். அவள் பார்வை நேரே மாதவியின் உள்ளங்கைக்குப் போயிற்று.

"என்னோடதா? தேய்க்கிறீங்களா?"

"பூசைக்கு... சரி, உன்னோடதும் கிடக்குதேன்னு..." என்று இழுத்தாள் மாதவி.

செல்லம் பையைத் தரையில் போட்டுவிட்டு அவள் எதிரே குந்தினாள். முகம் மலர்ந்திருந்தது. "கன்னத்துல மட்டும் பவுடர் போட்டுவிட்டுட்டீங்களே! குடுங்க, மிச்சத்தை நான் தேய்க்கிறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குத் தேய்க்கத் தெரியாதா?" அவள் ஏற்கெனவே ஒரு கொத்து நாரைக் கிழித்துப் புளியில் முக்கிக்கொண்டிருந்தாள். "சொன்னா சிரிப்பீங்க. முதல் வருஷம் நீங்க அடுப்புக்கரின்னீங்க, ஞாபகமிருக்கா? அன்னிக்கு ராத்திரியே தேய்க்கணும்னு கை பரபரன்னுச்சு. ஆனா தேய்ச்சா, அக்காவைப் பாத்து செய்றா, போட்டி போடுறான்னு சொல்வீங்க. அதான் விட்டுட்டேன். உங்களோடது பக்கத்துல இதைத் திறந்து வைக்க வெக்கமா இருக்கும். அதான் காகிதத்தோட வச்சது. ஒவ்வொரு வருஷமும் உங்க காசைப் பாக்கிறப்ப இங்க..." நெஞ்சில் ஈரக் கையை வைத்துக் காட்டினாள், "...எரியும்க்கா. சத்தியமா. இப்ப நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க, இனி எனக்கென்ன?"

காசை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள் செல்லம். நாரை ராஜாவின் கிரீடத்தின் மேல் வைத்தாள்.

மாதவி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். செல்லத்தின் கையே செல்லத்தின் காசை முடித்துவிடும். பழி ஒரு சொட்டு தெறிக்காது. ஆனால் எதிரே இருந்த முகத்தில் அந்த அவசரம்... உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் இடுங்க, ஒரே ஒரு நாளாவது ஜெயித்துவிட வேண்டும் என்கிற அந்த ஆசை. பஸ் ஜன்னல் கண்ணாடியில் இன்று மத்தியானம் தெரிந்த தன் முகம் இதுதான். அவள் கை தானாக நீண்டு செல்லத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"தேய்க்காத."

"ஏன்க்கா?"

"தேய்ச்சா செத்துடும். அது ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்."

செல்லம் சிரிக்கத் தொடங்கி, மாதவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். மாதவி எல்லாவற்றையும் சொன்னாள். சக்கரத்தைச் சாய்த்துக் காட்டினாள். கன்னத்தில் அது அணைவதையும் காட்டினாள்.

"கடைக்காரர் சொன்னாரா, தேய்க்கக்கூடாதுன்னு?"

"சொன்னாரு."

"தெரிஞ்சேதான் தேய்ச்சீங்களா?"

"ஆமா."

செல்லம் நாரைக் கிண்ணத்தில் போட்டாள். எழுந்து குழாயில் கையைக் கழுவினாள். வழக்கத்தைவிட நிறைய நேரம் கழுவினாள்.

"இப்ப எவ்வளவு தருவான்?"

"பாதிகூடத் தரமாட்டான்னு நினைக்கிறேன்."

"அப்ப உங்களோடதைக் குடுங்க."

"செல்லம், அது நூத்தி அம்பதுதான்டி. ஒண்ணுமில்லாத காசு."

"தெரியும். இப்பதானே சொன்னீங்க. அதைக் குடுங்க, இதை நீங்க வச்சுக்குங்க." குரல் உயரவில்லை. ஆனால் கை நீண்டுவிட்டது, மடங்கவும் இல்லை.

மாதவி உள்ளே போய்த் தன் வெள்ளியை எடுத்துவந்து அந்தக் கையில் வைத்தாள். புருவமில்லாத, வழுக்கை விழுந்த ராஜா. வைத்துவிட்டு விரலை எடுக்க ஒரு கணம் கூடுதலாக ஆயிற்று. செல்லம் பையை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல், பின்கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் சாமி படத்தின் முன் மாயாண்டியின் பால்வெட்டும் கத்தி, தேவனின் லோரிச் சாவி, தங்கராஜுவின் மோட்டார் சாவி, செல்லத்தின் பேக்டரி அட்டை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. செல்லம் வந்தாள். மாதவியிடம் பேசவில்லை, ஆனால் வந்தாள். கொண்டுவந்த காசைக் காகிதமில்லாமல் தட்டின் நடுவில் வைத்தாள். மாதவி செல்லத்தின் பழைய காசை, நீலக் காகிதத்தை விரித்து, மூடாமல் ஓரமாக வைத்தாள்.

தேவன் குனிந்து பார்த்தான். "இதென்ன மாறிக் கிடக்கு? மாதவி, உன் ராஜாவுக்கு யாரு கன்னத்துல அறைஞ்சது?"

"நான்தான்," என்றாள் மாதவி.

ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவன் சிரித்தான். தங்கராஜுவும் சிரித்தான். செல்லம் சிரிக்கவில்லை. குத்துவிளக்கின் சுடர் நேராக விழும்படி, தன் காசை ஒற்றை விரலால் கொஞ்சம் திருப்பி வைத்தாள். அது பளீரென்று மின்னியது. முகத்தில் நாரின் கீறல் எங்கெங்கே ஓடுகிறது, எந்த முத்து எதோடு கரைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் மாதவி. அதில் ஒன்றுமில்லை என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த வீட்டில் இல்லை.

ஆனாலும் கற்பூரம் எரிந்து முடியும்வரை அவள் கண் அதைவிட்டு நகரவில்லை. நெஞ்சுக்குள், செல்லம் ஈரக் கையை வைத்துக் காட்டிய அதே இடத்தில், எரிந்துகொண்டே இருந்தது.